உஸ்வாயா: குச்சி நின்ற இடம்

நாள் 1

புவெனஸ் ஐரிஸில் விமானம் ஏறி மூன்றரை மணி நேரம். கடைசிக் கால் மணி நேரம் அக்கா வாயே திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேகத்துக்குள்ளிருந்து விமானம் வெளியே வந்தபோது இறக்கைக்குப் பக்கத்திலேயே மலை. கறுத்த பாறை, அதன் மடிப்புகளில் பனி. இந்தப் பக்கமும் மலை, அந்தப் பக்கமும் மலை, நடுவில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல நீர். அந்த நீருக்குள் நாக்கு மாதிரி நீண்டிருக்கும் நிலத்தில்தான் ஓடுபாதை. சக்கரம் தரையைத் தொடும்வரை கடலில்தான் இறங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா 32 வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்தவள். தென் அமெரிக்கா பாடம் வரும்போதெல்லாம் சுவரில் படத்தை மாட்டி, ஆண்டீஸ் மலைத்தொடர்மேல் குச்சியை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு போய், கீழ்க்கோடியில் நிறுத்தி, "இங்கேயும் ஆள் இருக்காங்க, வீடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு" என்பாளாம். ஓய்வு பெற்ற அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "அந்தக் குச்சி நின்ன இடத்துல ஒரு தடவை நான் போய் நிக்கணும்டா." அதற்காகத்தான் வந்திருக்கிறோம். அர்ஜென்டினாவின் தியெர்ரா தெல் ஃபுவேகோ மாநிலத் தலைநகரம், தெற்கு அட்சரேகை 54 பாகை 48 நிமிடத்தில் இருக்கும் உஸ்வாயா. ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் அன்றன்றைக்குப் பார்த்ததை எழுதிவிடுவது என்று முடிவு.

விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் அக்கா மலையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். மணி ஒன்றே முக்கால். "உன் நிழல் எந்தப் பக்கம் விழுது, சொல்லு." கடல் பக்கம் விழுந்தது. கடல் இருப்பது தெற்கே. அப்படியென்றால் சூரியன் வடக்கே, மலை உச்சிக்கு மேலே நிற்கிறது. நம்மிடம் ஜனவரியில் உச்சிவெயில் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும். இது பாடத்தில் படித்ததுதான். ஆனால் சொந்த நிழலே இடம் மாறி விழுவதைப் பார்க்கும்போது உடம்பு ஒரு கணம் தடுமாறத்தான் செய்கிறது.

திசை பிடிபட்டதும் ஊர் பிடிபட்டுவிட்டது. வடக்கு தெற்காக ஓடி வரும் ஆண்டீஸ், இந்தத் தீவுக்கு வந்ததும் கிழக்கு மேற்காக வளைந்து படுத்துவிடுகிறது. ஊருக்கு முதுகுச் சுவராக மார்சியல் மலை. கிழக்கே ஊசி மாதிரி 1,326 மீட்டர் உயர ஒலிவியா சிகரம், அதை ஒட்டி ஐந்து சகோதரர்கள் என்று பெயர் வாங்கிய ஐந்து முகடுகள். முன்னால் பீகிள் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் சிலி நாட்டுத் தீவுகள், அங்கேயும் பனி மலைகள். அர்ஜென்டினாவின் மற்ற ஊர்களிலிருந்து சாலை வழியாக இங்கே வர வேண்டுமானால் நடுவில் சிலிக்குள் நுழைந்து, மெகல்லன் நீரிணையைப் படகில் தாண்டி, மறுபடி அர்ஜென்டினாவுக்குள் வந்து, ஆண்டீஸையும் கடந்தாக வேண்டும். ஒரு பூனைக்குட்டி மாதிரி மலை இடுக்கில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஊர் இது.

ஒரு கஷ்டம்: அக்காவின் பெட்டி வரவில்லை. கம்பளி, காலுறை எல்லாம் அதில்தான். விமான நிறுவனத்தின் மேசையில் எழுதிக்கொடுத்துவிட்டு விடுதிக்கு வந்தோம். நடத்தும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அக்கா நடுங்குவதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய கனத்த கம்பளிச் சட்டையை எடுத்துவந்து தலை வழியாக மாட்டிவிட்டார். கைகள் நீளமாக இருந்தன, அவரே இரண்டு மடிப்பு மடித்தும் விட்டார். பேச்சு முழுக்க ஸ்பானிஷ். அக்கா ஒரு வருடமாகப் படித்துவந்த ஸ்பானிஷ் முதல் நாளிலேயே உதவியது.

அந்த அம்மா வட எல்லையில் இருக்கும் ஹுஹுயி மாநிலத்துக்காரர். 1972-இல் இந்தத் தீவுக்கு வரிச் சலுகை கொடுத்து ஒரு சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன, வேலை தேடி நாடு முழுக்க இருந்து ஆட்கள் வந்தார்கள். சில ஆயிரம் பேர் இருந்த ஊரில் இன்று 80 ஆயிரத்துக்கும் மேல். இவரும் இருபது வயதில் தொலைக்காட்சிப் பெட்டி பூட்டும் வேலைக்கு வந்தவர். "இரண்டு வருஷம்னு சொல்லித்தான் வந்தேன்." இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'நாசிதோ இ க்ரியாதோ' என்று ஒரு பெயர். இவரைப் போன்றவர்களுக்கு 'வெனிதோ இ கெதாதோ'. வந்தவர், தங்கிவிட்டவர்.

இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைந்தது. அதற்கப்புறமும் வானம் இருட்ட மறுக்கிறது. அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.

நாள் 2

ராத்திரி முழுக்கக் காற்று. இங்கே வீடுகளுக்குச் சுவரும் கூரையும் பெரும்பாலும் நெளிதகடுதான். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பூசியிருக்கிறார்கள். காற்றடித்தால் ஊரே மத்தளம்.

காலையில் படகுத்துறைக்குப் போனால் டிக்கெட் கூண்டுகளில் எல்லாம் ஒரே வாசகம்: 'புவெர்த்தோ செர்ராதோ', துறைமுகம் மூடப்பட்டது. காற்று அளவை மீறினால் கடலோரக் காவல் படை துறைமுகத்தை மூடிவிடும். யாரும் வாதாடுவதில்லை. டிக்கெட் கூண்டுப் பையன் மலைப்பக்கம் கையைக் காட்டி, நாளைக்கு வாருங்கள் என்றான். அவன் கையில் மாத்தே. சுரைக் குடுவையில் இலைத்தூளை அழுத்தி, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவது. குடித்துவிட்டு மறுபடி ஊற்றி அக்காவிடம் நீட்டினான். ஒரே குழலில் எல்லோரும் குடிப்பதுதான் வழக்கம். அக்கா ஒரு கணம் யோசித்துவிட்டு வாங்கிக் குடித்தாள். "கசக்குதுடா. ஆனா நெஞ்சுக்குள்ள சூடு இறங்குது."

படகு இல்லாததால் சிறைக்குப் போனோம். இந்த ஊரை ஊராக்கியது சிறைதான். இவ்வளவு தொலைவுக்கு யார் மனமுவந்து குடிவருவார்கள்? ஆனால் ஆள் இல்லாத நிலத்தைத் தன்னுடையது என்று ஒரு நாடு எப்படிச் சொல்ல முடியும்? கைதிகளை அனுப்பினார்கள். 1902-இல் கட்ட ஆரம்பித்த சிறையைக் கைதிகளே கட்டினார்கள். விரித்த கைவிரல்கள் மாதிரி நடுக்கூடத்திலிருந்து ஐந்து கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மாடியில் 76 அறைகள். ஊருக்கு ரொட்டி சுட்டதும், மின்சாரம் கொடுத்ததும், அச்சகம் நடத்தியதும் சிறைதான். 1947-இல் அதிபர் பெரோன் ஆட்சியில் மூடப்பட்டு, இப்போது அருங்காட்சியகம்.

நான்கு கட்டடங்களைச் சூடேற்றிப் படமும் பொம்மையும் வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மற்றதையெல்லாம் வேகமாகப் பார்த்துவிட்டு அந்த ஒன்றில் நின்றோம். சுண்ணாம்பு செதில் செதிலாக உரிந்து தரையில் கிடக்கிறது. வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகக் குளிர். ஓர் அறைக்குள் போய் இரண்டு கையையும் விரித்தேன். இன்னும் ஒரு சாண் இருந்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம்.

இங்கே இருந்தவர்களில் சிமோன் ராதோவித்ஸ்கி என்ற அரசின்மைவாதியின் கதையை அக்கா முழுக்க வாசித்தாள். 1909-இல் புவெனஸ் ஐரிஸில் காவல்துறைத் தலைவர் ரமோன் ஃபல்கோன்மீது குண்டு வீசிக் கொன்றவர். வயது 18 என்பதால் மரண தண்டனையிலிருந்து தப்பி, ஆயுள் கைதியாக இங்கே வந்தார். 1918-இல் தப்பித்துப் படகில் போய், சிலிக்குள் பிடிபட்டுத் திரும்பக் கொண்டுவரப்பட்டார். விடுதலை 1930-இல். நம் பள்ளிக்கூடத்தில் அந்த வயதில் பையன்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் பழகிக்கொண்டிருப்பார்கள் என்றாள் அக்கா. கம்பளிச் சட்டையின் மடிப்பை இறக்கிக் கைவிரல் வரை மூடிக்கொண்டாள்.

நாள் 3

காற்று நின்றது. கடல் தட்டையாகக் கிடந்தது.

படகு துறையை விட்டு விலகும்போதுதான் ஊரின் முகம் தெரிகிறது. கரையோரச் சாலை, அதற்கு மேல் சான் மார்ட்டின் கடைவீதி, அதற்கு மேல் படிக்கட்டு மாதிரி ஏறும் தெருக்கள், வீடுகள் முடிந்த இடத்தில் லெங்கா மரக்காடு, காடு முடிந்த இடத்தில் வெறும் பாறை, பாறைக்கு மேல் பனி. எல்லாம் ஒரே பார்வைக்குள். வீட்டு வேலிகளில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக நிற்கும் லூபின் பூக்கள்கூடக் கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தன. கரையில் சாய்ந்து துருப்பிடித்து நிற்கும் பழைய இழுவைக் கப்பல் செயின்ட் கிறிஸ்டோஃபரை நீர்க்காகங்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன.

பறவைத் தீவுக்குப் பக்கத்தில் போனதும் படகில் பாதிப் பேர் "பெங்குவின்" என்று கூவினார்கள். பெங்குவின் இல்லை, நீர்க்காகம்தான். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நிமிர்ந்து நிற்பதால் தூரத்திலிருந்து அப்படித் தெரியும். ஒன்று பறந்ததும் குட்டு வெளிப்பட்டது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. அடுத்த பாறையில் கடற்சிங்கங்கள். ஒரு கிழட்டு ஆண், பிடரி மயிர் ஈரமாகக் கழுத்தில் ஒட்டியிருக்க, தலையைப் பின்னால் மடக்கி வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரும் முன்பே தொண்டைச் சதை அலை அலையாக ஆடியது தெரிந்தது. பல்லில் பாதி தேய்ந்து பழுப்பு ஏறியிருந்தது. அதன் பக்கத்தில் படுத்திருந்த பெண்கள் ஒன்றுகூடக் கண்ணைத் திறக்கவில்லை.

லெஸ் எக்லேர்ர் கலங்கரை விளக்கத்தை எல்லா அஞ்சலட்டையிலும் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு எனப் பட்டை போட்ட செங்கல் கோபுரம். 1920-இலிருந்து எரிகிறது. நேரில் பார்த்தால் உயரம் மிகக் குறைவு, 11 மீட்டர்தான். ஆனால் அது நிற்கும் பாறைகளின் கதைக்காக அதைப் பார்த்தே ஆக வேண்டும். 1930 ஜனவரி 22 அன்று மோன்தே செர்வாந்தெஸ் என்ற ஜெர்மன் உல்லாசக் கப்பல் இங்கே பாறையில் மோதியது. பயணிகள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். எல்லோரையும் உயிர்ப்படகுகளில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். கப்பலோடு போனவர் ஒரே ஒருவர், கேப்டன் தியோடர் டிரையர்.

அக்காவை அசைத்தது அடுத்த பகுதி. அன்று உஸ்வாயாவில் மொத்த மக்களே ஆயிரம் பேருக்குள். ஒரே நாளில் ஊரைவிடப் பெரிய கூட்டம் நனைந்துகொண்டு கரையில் நிற்கிறது. வீடுகளைத் திறந்தார்கள், தேவாலயத்தைத் திறந்தார்கள், சிறையையும் திறந்தார்கள். இன்னொரு கப்பல் வந்து கூட்டிப்போகும்வரை ஊர் அவர்களுக்குச் சோறு போட்டது. அக்கா அந்தக் கம்பளிச் சட்டையைத் தடவிக்கொண்டே, "இது அந்தக் காலத்துலேர்ந்தே வர்ற பழக்கம் போல" என்றாள்.

மூழ்கிய கப்பலை 1954-இல் மேலே கொண்டுவந்து துறைமுகத்துக்கு இழுத்து வரும் வழியில் அது மறுபடி மூழ்கிவிட்டது. அந்த மீட்பு வேலைக்கு வந்ததுதான் காலையில் பார்த்த செயின்ட் கிறிஸ்டோஃபர்.

இரவு சாப்பாட்டுக்குக் கடைவீதி. உணவகங்களின் கண்ணாடிக்குப் பின்னால் தொட்டிகளில் செந்தோயா என்ற பெரிய சிவப்பு நண்டு, கால்களை விரித்தால் ஒரு முழத்துக்கு மேல். நான் அதைச் சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாத இனிப்புச் சதை. சைவமான அக்காவுக்காக விடுதி அம்மா பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்து எம்பனாடா சுட்டு மூடி வைத்திருந்தார். பெட்டியும் வந்து சேர்ந்திருந்தது. அக்கா அந்தக் கம்பளிச் சட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஊர் திரும்பும் வரைக்கும் போட்டுக்கொள் என்று அந்த அம்மா வாங்க மறுத்துவிட்டார்.

நாள் 4

தியெர்ரா தெல் ஃபுவேகோ தேசியப் பூங்கா. 1960-இல் உருவானது. ஊரிலிருந்து மேற்கே 12 கிலோமீட்டர். பேருந்திலும் போகலாம், ரயிலிலும் போகலாம். ரயிலில் போனோம். 50 சென்டிமீட்டர் அகலமே உள்ள தண்டவாளத்தில் பொம்மை ரயில் மாதிரி ஊர்கிறது. ஒரு காலத்தில் இது கைதிகள் ரயில். காலையில் அவர்களை மஞ்சளும் நீலமுமாகப் பட்டை போட்ட உடையில் ஏற்றிக்கொண்டு போய் மரம் வெட்டவைத்து, மாலையில் விறகோடு திருப்பிக்கொண்டு வரும். 1952-இல் நின்றது, 1994-இல் சுற்றுலாவுக்காக மறுபடி ஓட ஆரம்பித்தது. பீப்போ ஆற்றங்கரையில் அவர்கள் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. குளிரில் மரம் மக்குவதில்லை. சில கட்டைகள் கணுக்கால் உயரம், சில நெஞ்சளவு. கோடையில் வெட்டியது குட்டை. பனி குவிந்து கிடந்தபோது அதன்மேல் நின்று வெட்டியது நெட்டை. எழுத்தில் இல்லாத வருகைப் பதிவேடு அது.

பூங்காவில் எனக்கு மறக்க முடியாமல் போனது ஒரு சின்ன மேடு. கடலோரப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தோம். பாதைக்கும் கடலுக்கும் நடுவில் புல் மூடிய வட்டமான மேடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பள்ளம். பெரிய தோசைக்கல்லைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி. ஏதோ மண்மேடு என்று தாண்டிப் போயிருப்பேன். வழிகாட்டிப் பெண் நிறுத்தி, கடல் அரித்திருந்த ஓரத்தைக் காட்டினாள். மேட்டின் வெட்டுமுகத்தில் மண்ணே இல்லை. சிப்பி. நீல ஊதா நிறத்தில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சில முழுசாக, சில தூளாக, நடு நடுவே கரி படிந்த கறுப்புக் கோடு.

இந்தக் கரையின் பூர்வகுடிகளான யாமனா மக்களின் வீடுகள் இருந்த இடம். அவர்கள் குச்சியும் இலையும் வைத்துக் குடிசை போட்டு, நடுவில் நெருப்பு மூட்டி, சிப்பியை உடைத்துத் தின்று, ஓட்டைச் சுற்றிலும் எறிவார்கள். கொஞ்ச நாளில் தோணியில் வேறு இடம் போவார்கள், பிறகு திரும்ப வந்து அதே பள்ளத்திலேயே குடிசை போடுவார்கள். சுற்றி உயர்ந்த ஓட்டுக்குவியல் காற்றைத் தடுக்கும். இந்தக் கால்வாய்க் கரையில் மனிதர்கள் இப்படி வாழ்ந்ததற்கு ஆறாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட தடயம் இருக்கிறது. அக்கா குனிந்து, உதிர்ந்து கிடந்த ஓர் ஓட்டைத் தொட்டாள். எடுக்கவில்லை. யாரோ ஒருத்தி தின்றுவிட்டுப் போட்டது.

மரக்கிளைகளின் கணுக்களில் ஆரஞ்சு நிறத்தில் உருண்டை உருண்டையாகக் காளான் ஒட்டியிருந்தது. 'பான் தெ இந்தியோ', இந்தியரின் ரொட்டி. கீழே உதிர்ந்திருந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். எலுமிச்சை அளவு, உடம்பெல்லாம் குழி, ரப்பர் மாதிரி அமுங்கியது. இதுவும் அவர்கள் உணவு. 1830களில் இந்தக் கால்வாய் வழியே பீகிள் கப்பலில் போன டார்வின் இதைச் சேகரித்துக்கொண்டு போனதால் இதன் அறிவியல் பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. தின்றவர்கள் வைத்த பெயர் அதில் இல்லை.

மரத்தைக் கடித்து வீழ்த்தி ஓடையை மறிக்கும் பீவர் என்ற விலங்குகள் கட்டிய அணைகளையும் பார்த்தோம். 1946-இல் ரோமத் தொழிலுக்காகக் கனடாவிலிருந்து இருபது பீவர்களைக் கொண்டுவந்து விட்டார்களாம். அவற்றை வேட்டையாடித் தின்ன இங்கே எந்த விலங்கும் இல்லை. வட அமெரிக்க மரங்கள் சில, கடித்தால் மறுபடி துளிர்க்கும். லெங்கா அப்படித் துளிர்ப்பதில்லை. தேங்கிய நீரில் வெள்ளை எலும்புகளாக நிற்கிற காட்டைப் பார்க்க மனம் கசந்தது.

கடைசியாக லாபதாயா விரிகுடா. தேசிய நெடுஞ்சாலை எண் 3 முடியும் இடம். மரப்பலகையில் எழுதியிருக்கிறது: புவெனஸ் ஐரிஸ் 3,079 கி.மீ., அலாஸ்கா 17,848 கி.மீ. எல்லோரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் முறை வந்தது. அக்கா பலகைக்குப் பக்கத்தில் நின்றாள், நான் படம் எடுத்தேன். ஆனால் அவள் பலகையைப் பார்க்காமல் தண்ணீருக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கே மலை, அதற்குப் பின்னால் இன்னும் மலை. "ரோடுதான்டா இங்க முடியுது" என்றாள். பேருந்தில் வரும்போது வேறெதுவும் பேசவில்லை. 32 வருடம் சுமந்து வந்த ஆசை இப்படி முடிந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நாள் 5

இன்று தனித்தனி. நான் மார்சியல் பனியாற்றுக்கு ஏறினேன். 1882-83-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கவும் வானிலையை அளக்கவும் வந்த பிரெஞ்சுக் குழுவின் கப்பல் தலைவர் பெயர் அது. பனியாறு சுருங்கி மேலே போய்விட்டது. பனியைத் தொட்டுவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். ஊர், துறைமுகம், கால்வாய், அதில் தீப்பெட்டி அளவில் அண்டார்டிகா கப்பல்கள். ஏறும்போது வெயில், உட்கார்ந்தபோது மழை, இறங்கும்போது ஐந்து நிமிடம் ஆலங்கட்டி. ஒரே மதியத்தில்.

விடுதிக்கு வந்தால் அக்கா எனக்காக வாசலிலேயே காத்திருந்தாள். கரையோரச் சாலையில் இருக்கும் அருங்காட்சியகத்திலேயே நான்கு மணி நேரம் இருந்திருக்கிறாள். கையில் நோட்டு.

"உட்காரு, சொல்றேன். உஸ்வாயா, லாபதாயா. ரெண்டுலயும் கடைசில என்ன வருது?"

"ஆயா."

"வாயா. யாமனா மொழில வாயான்னா விரிகுடா. மேற்கே உள்வாங்கிப் போற விரிகுடா உஸ்வாயா. சிலிப் பக்கத்துல யெந்தெகாயா இருக்கு, வுலாயா இருக்கு. நம்ம பட்டினம், துறைன்னு வைக்கிற மாதிரி அவங்க வாயான்னு வச்சிருக்காங்க. கால்வாய்க்கே அவங்க பேரு ஓனஷாகா. பீகிள் எல்லாம் நேத்து வந்த பேரு."

"நம்ம வாய் மாதிரியே இருக்கே அக்கா. கால்வாய், முகவாய்னு."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாதுடா. ஆனா காதுக்கு எப்படி இருக்கு பாரு!"

அவள் நோட்டில் எழுதிவந்ததை வரிசை இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். யாமனா பெண்கள்தான் தோணி ஓட்டியவர்கள், இந்தக் குளிர் நீரில் முங்கிச் சிப்பி எடுத்தவர்கள். உடம்பில் கடற்சிங்கக் கொழுப்பைப் பூசிக்கொள்வார்கள். மரப்பட்டைத் தோணியின் நடுவில் மண் பரப்பி அதன்மேல் நெருப்பை அணையாமல் வைத்திருப்பார்கள். இந்தத் தீவின் மக்கள் மூட்டிய நெருப்பையும் புகையையும் 1520-இல் கடலிலிருந்து பார்த்துத்தான் மெகல்லன் கூட்டம் பெயர் வைத்தது. தியெர்ரா தெல் ஃபுவேகோ, நெருப்பு நிலம்.

தாமஸ் பிரிட்ஜஸ் என்ற ஆங்கில மிஷனரி 1871-இல் குடும்பத்தோடு இங்கே வந்து தங்கினார். சிறு வயதிலேயே அந்த மொழியைக் கற்றவர். வாழ்நாள் முழுக்கச் சொல் சேர்த்தார். யாமனா-ஆங்கில அகராதி, சுமார் 32 ஆயிரம் சொற்கள். அவர் இறந்தது 1898-இல், அகராதி அச்சில் வந்தது 1933-இல்.

"முப்பத்திரண்டாயிரம்டா! கட்டத் துணிகூட இல்லாதவங்கன்னு எழுதிட்டுப் போனாங்களே, அவங்க கிட்ட இருந்த சொல்லு." அவள் குரல் உடைந்தது. "1884 அக்டோபர் 12. லாஸ்ஸெர்ரேங்கிற கடற்படை அதிகாரி வந்து இங்க கொடி ஏத்துறார். ஊரோட பிறந்தநாள் அதுதான். அந்தக் கப்பல்கள் வந்து கொஞ்ச நாள்ல தட்டம்மை. அவங்க உடம்புக்குப் பழக்கமே இல்லாத நோய். கொத்துக் கொத்தாப் போயிட்டாங்க."

அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி கிறிஸ்தினா கால்தெரோன், கால்வாய்க்கு அந்தப் பக்கம் சிலியின் புவெர்த்தோ வில்லியம்ஸை ஒட்டிய குடியிருப்பில் வாழ்ந்தவர். 2022 பிப்ரவரியில், 93 வயதில் காலமானார். யாமனா வழிவந்தவர்கள் அங்கே இன்னமும் இருக்கிறார்கள். அந்த மொழியில் பேசவே ஆள் இல்லாமல் கடைசி வருடங்களை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்று அக்கா கேட்டாள். நான் தமிழில்தான் யோசிக்கிறேன், தமிழில்தான் இதை எழுதுகிறேன். படிக்க நீங்கள் இருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சிப்பி மேட்டின் நடுவில் இருந்த பள்ளம் ஞாபகம் வந்தது. அதில் உட்கார்ந்து யாரோ இந்த 32 ஆயிரம் சொற்களில் சிலவற்றைப் பேசியிருப்பார்கள். குழந்தையை அதட்டியிருப்பார்கள். சிப்பி சூடாக இருக்கிறது, பார்த்துச் சாப்பிடு என்றிருப்பார்கள்.

நாள் 6

கரையோரமாக நடந்தது மட்டும்தான். மால்வினாஸ் நினைவிடத்தில், ஃபாக்லாந்து என்றும் சொல்லப்படும் அந்தத் தீவுகளுக்காக பிரிட்டனோடு நடந்த 1982 போரில் இறந்தவர்களின் பெயர்கள். ஜெனரல் பெல்கிரானோ போர்க்கப்பல் புறப்பட்டுப் போனது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். மே 2 அன்று மூழ்கடிக்கப்பட்டபோது 323 பேர் அதோடு போனார்கள். கல்லுக்கு அடியில் யாரோ புதுப்பூ வைத்திருந்தார்கள்.

மாலையில் அண்டார்டிகா போகும் கப்பல் ஒன்று புறப்பட்டது. இங்கிருந்து அண்டார்டிகத் தீபகற்பம் சுமார் ஆயிரம் கிலோமீட்டர், டிரேக் நீர்வழியைத் தாண்ட இரண்டு நாள். மேல்தளத்தில் சிவப்பு அங்கி போட்டவர்கள் கையசைத்தார்கள், அக்காவும் அசைத்தாள். துறைமுகத்தில் உள்ள பெரிய பலகையில் 'உலகின் முடிவு, எல்லாவற்றின் ஆரம்பம்' என்று ஊரார் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் அவளைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கப்பல் கிழக்கே திரும்பி மறையும்வரை நின்றோம். ஒன்பதரை மணிக்கு மலை உச்சிகளில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது.

விடுதி அம்மாவிடம் கம்பளிச் சட்டையைக் கொடுத்தபோது இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நாள் 7

காலை விமானம். மேகம் இல்லை. கிளம்பி வளைந்து திரும்பியபோது கால்வாய் முழுக்கக் கீழே விரிந்தது. கரை முழுக்கப் பல் பல்லாக உள்வாங்கியிருக்கிறது. பெரிய வளைவு, சின்ன வளைவு, ஒரு தோணி மட்டும் நுழையக்கூடிய இடுக்கு.

அக்கா கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். "அது ஒரு வாயா. அதோ, அது ஒண்ணு. அது... பாருடா, அந்தச் சின்னதுக்குக்கூட ஒரு பேரு இருந்திருக்கும்." மேகம் வந்து மூடும்வரை எண்ணிக்கொண்டிருந்தாள்.